பழைய வேகன் ஆருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

2025 நவம்பர் 1, சனி

அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ஆட்டோவில் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுகிறாள். தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. அதனால் எந்த வண்டி என்பதில் வீட்டில் இரண்டு பேச்சு இல்லை, வேகன் ஆர்தான். சீட் உயரம், குனியாமல் அப்படியே உட்காரலாம். புதிதா பழையதா, பழையது என்றால் எவ்வளவு வரை போகலாம் என்பதுதான் பாக்கி.

முதல் வேலையாக ஷோரூமில் கொட்டேஷன் வாங்கினேன். ஒரு லிட்டர் எஞ்சின், விஎக்ஸ்ஐ என்ற நடுத்தர ரகம், வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை 6.45 லட்சம். இது ஜிஎஸ்டி குறைந்த செப்டம்பர் 22க்குப் பிந்தைய விலை. நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதம். இப்போது மொத்தமே 18. வரியோடு 129 ரூபாய்க்கு விற்றது 118 ரூபாய் ஆகிவிட்டது. வேகன் ஆரின் ஆரம்ப விலை 4,98,900க்கு இறங்கியது அந்தச் சமயத்தில்தான். புதுசு இறங்கினால் பழசும் இறங்கியாக வேண்டும். ஆனால் விற்கிறவர்கள் மனதில் இன்னும் பழைய விலைதான் இருக்கிறது. கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

தூத்துக்குடியில் ஒரு வண்டி. 2019 ஜூன், விஎக்ஸ்ஐ 1.2, சிங்கிள் ஓனர், 48,000 கிலோமீட்டர். கேட்பது 4.35 லட்சம். வெள்ளை நிறம், வெளியே ஒரு கீறல் இல்லை. ஓட்டிப் பார்த்தேன், கிளட்ச் மென்மை, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதம் என்று இருந்தது. க்ளெய்மே இல்லாமல் ஓடிய வண்டிக்கு இந்தப் போனஸ், அதாவது பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 என்று வருடத்துக்கு வருடம் ஏறும். 2019இல் வாங்கிய வண்டிக்கு இந்நேரம் 50 இருக்க வேண்டும். இந்த ஜூனில் 20 என்றால் போன வருடம் ஜூனில் பூஜ்யம். அப்படியானால் 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் க்ளெய்ம் போயிருக்க வேண்டும், இல்லை பாலிசி புதுப்பிக்காமல் மாதக்கணக்கில் விட்டுப்போயிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பாளையங்கோட்டையிலும் தெருவில் படகு விட்டார்கள்.

"வெள்ளத்துல நின்ன வண்டியா அண்ணாச்சி?" என்று நேராகக் கேட்டேன்.

"தண்ணி மிதியடி வரைக்கும்தான் வந்துச்சு தம்பி. ஷெட்டுல குடுத்து எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு."

இடது முன்சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தேன். தினமும் வெளியே வரும் பகுதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேறு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சீட் தண்டவாளத்தின் போல்ட்களில் துரு. மிதியடியோடு நின்ற தண்ணீர் பெல்ட் சுருளுக்குள் ஏறாது. மனிதர் முழுப் பொய் சொல்லவில்லை, தண்ணீரின் உயரத்தை மட்டும் குறைத்துச் சொல்கிறார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறது, இடது பக்க டேஷ்போர்டில் இல்லை. அந்த வருட விஎக்ஸ்ஐயில் டிரைவருக்கு மட்டும்தான் கட்டாயமாக வந்தது. அம்மா உட்காரப் போவது இடது சீட்டில்.

நவம்பர் 4, செவ்வாய்

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து வயது வேகன் ஆர் எங்கள் ஊரில் இரண்டு லட்சத்தை ஒட்டிப் போகிறது, 1.95 என்று வைத்தேன். 6.45இல் அதைக் கழித்தால் 4.50. பத்து வருடத்துக்கு வகுத்தால் வருடம் 45,000 ரூபாய் தேய்மானம். இன்றைய புது விலையிலிருந்து வண்டியின் வயதுக்கு இதைக் கழித்து, உடனே செய்ய வேண்டிய செலவையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நான் கொடுக்கக்கூடிய விலை. 'நான் வாங்கும்போது இவ்வளவு ஆச்சு' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

தூத்துக்குடி வண்டிக்கு, வயது 6.4 வருடம் என்று வைத்து, இப்படிப் பார்த்தால் 3.57 லட்சம். எஞ்சின் பெரியது என்று கொஞ்சம் கூட்டினாலும் 4.35 எங்கோ நிற்கிறது. அதுவும் தண்ணீர் பார்க்காத வண்டிக்கு. வயர் இணைப்புகளில் ஈரத்தால் பச்சை பூத்து, என்றைக்கு எது நிற்கும் என்று தெரியாத வண்டிக்கு மூன்று லட்சம் கொடுத்தாலும் அதிகம்தான். விட்டுவிட்டேன்.

இனி 2022க்கு முந்தைய வண்டி வேண்டாம். அந்த வருடத் தொடக்கத்திலிருந்துதான் எல்லாப் புதுக் கார்களிலும் முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம்.

நவம்பர் 9, ஞாயிறு

புரோக்கர் சொன்ன தென்காசி வண்டி. எங்கள் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போனேன். ஒரு லிட்டர் விஎக்ஸ்ஐ, 34,000 கிலோமீட்டர், கேட்பது 5.10. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், தயாரிப்பு ஏப்ரல் 2022, பதிவு மே 2022. டயர் நான்கிலும் 1422 என்ற எண், 2022ஆம் வருடத்தின் 14ஆவது வாரம் என்று அர்த்தம். வண்டியோடு வந்த டயர்தான். பாலிசியில் போனஸ் 35 சதவீதம், வயதுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அண்ணன் கதவு கதவாக விரல் மூட்டால் தட்டிக்கொண்டு வந்தார். வலது பின்கதவில் சத்தம் மந்தமாகிவிட்டது. ரப்பர் பீடிங்கை விலக்கிக் காட்டினார், ஓரத்தில் பெயிண்ட் தெறிப்பு. "பட்டி போட்ருக்காங்க. ஆனா கதவு மாட்டுற பில்லர் அடிவாங்கல, வெல்டு கம்பெனி வெல்டுதான்" என்றார். கேட் இடித்ததாம், கைக்காசில் பார்த்துக்கொண்டார்களாம். க்ளெய்ம் ஏன் இல்லை என்பதும் விளங்கியது. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், சுத்தம்.

செலவு: டயர் 18,000, பேட்டரி 5,000, பெயர் மாற்றம் சில்லறை. இதோடு இன்னொன்று, போனஸ் வண்டிக்குச் சொந்தம் இல்லை, ஓனருக்குச் சொந்தம். பாலிசியை என் பெயருக்கு மாற்றும்போது அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து 30,000. மூன்றரை வருடத் தேய்மானம் 1.57. ஆக 4.58.

5.10க்கு வாங்கிச் செலவும் செய்தால் 5.40. இன்னும் 1.05 லட்சம் போட்டால் ஆறு ஏர்பேக், மூன்று வருட வாரண்டியோடு புதுசே வந்துவிடும். அந்த விலை நியாயமே இல்லை. ஆனால் வண்டி நல்ல வண்டி.

நவம்பர் 12, புதன்

ஓனர் சர்வீஸ் பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் சீராக ஏறுகிறது, மீட்டர் திருப்பின வேலை இல்லை. ஆர்.சி.யில் வங்கிக் கடன் இன்னும் காட்டுகிறது. கட்டி முடித்துவிட்டேன், வங்கியின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கவில்லை என்கிறார்.

நவம்பர் 15, சனி

தென்காசிக்குப் போய் ஓனரிடமே பேசினேன். பள்ளிக்கூட ஆசிரியர், நிதானமான மனிதர். கொட்டேஷனையும் என் கணக்குத் தாளையும் அவர் முன்னால் வைத்தேன். "சார், உங்க வண்டியக் குறை சொல்லல. புதுசோட விலை எறங்கிட்டு, அதான்." நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடம் 45,000 என்பது அதிகம், 40,000 போடுங்கள் என்றார். வைத்துப் பார்த்தால் 4.75. முதல் வருடங்களில்தானே விலை அதிகம் விழும் என்று நானும் சொன்னேன். உள்ளே போய் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார்.

4.62க்கு முடிந்தது. என் கணக்கைவிட 4,000 கூடுதல். ஸ்டெப்னியை ஒருமுறைகூட இறக்காத வண்டி, சர்வீஸ் தாள் ஒன்றுகூடத் தவறாத வண்டி, அந்த 4,000 தகும்.

20,000 அட்வான்ஸ் கொடுத்து ரசீது எழுதி வாங்கினேன். வங்கியிலிருந்து என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35உம் வந்து, கடன் பதிவு நீங்கின பிறகுதான் மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, எல்லாவற்றிலும் அன்றைக்கே என் முன்னால் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.