வெய் ஜிங்ஷெங்: மருத்துவப் பரோல் என்ற நாடுகடத்தல்

சீனாவின் ஜனநாயகப் போராளி வெய் ஜிங்ஷெங் அப்போது பெய்ஜிங் மிருகக்காட்சி சாலையில் எலக்ட்ரீஷியன். 1978 டிசம்பர் 5 அன்று, மக்கள் அரசியல் சுவரொட்டிகளை ஒட்டி, ஜனநாயகச் சுவர் என்று பெயர் வாங்கிவிட்ட பெய்ஜிங்கின் சீடான் சுவரில் அவருடைய கட்டுரை ஏறியது. விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய நான்கையும் நவீனமாக்கப் போவதாக அரசு முழங்கிக்கொண்டிருந்த நேரம். ஐந்தாவதாக ஜனநாயகம் வராவிட்டால் இதுவும் இன்னொரு வாக்குறுதிதான் என்று அவர் எழுதினார்.

பலர் கவனிக்காத விஷயம், சுவரொட்டி எழுதுவது அன்று குற்றமே அல்ல. 1978 அரசியல் சாசனத்தின் 45ஆவது பிரிவிலேயே அந்த உரிமை இருந்தது, 1980இல்தான் நீக்கினார்கள். அதனால் வேறு வழக்கு தேவைப்பட்டது. 1979 மார்ச் 25 அன்று, சீனாவின் உச்சத் தலைவர் டெங் சியாவோபிங் சர்வாதிகாரியாகி வருகிறார் என்று பெயர் சொல்லி எழுதினார். நான்கே நாளில் கைது. அந்த ஆண்டு சீனா வியட்நாமோடு நடத்திய போர் பற்றிய ராணுவத் தகவலை வெளிநாட்டவருக்குக் கொடுத்தார், எதிர்ப்புரட்சிப் பிரச்சாரம் செய்தார் என்று 15 ஆண்டு தண்டனை.

அடுத்து நடந்ததைத் தேதிகளோடு பார்த்தால்தான் புரியும். 1993 செப்டம்பர் 14 அன்று, தண்டனை முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வெளியே விட்டார்கள். பெய்ஜிங்கும் கேட்டிருந்த 2000 ஒலிம்பிக் யாருக்கு என்ற வாக்கெடுப்பு செப்டம்பர் 23. சிட்னி 45, பெய்ஜிங் 43. 1994 ஏப்ரலில் அவரை மறுபடி பிடித்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒன்றரை வருஷத்துக்கு மேல் அடைத்துவைத்து, 1995 டிசம்பரில் இன்னொரு 14 ஆண்டு கொடுத்தார்கள்.

1997 நவம்பர் 16, சீன அதிபர் ஜியாங் செமின் அமெரிக்கா போய்வந்த இரண்டே வாரத்தில், வெய்யை டெட்ராய்ட் விமானத்தில் ஏற்றினார்கள். காகிதத்தில் அதன் பெயர் மருத்துவப் பரோல். அவர் உடம்பு நிஜமாகவே கெட்டிருந்தது: இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், விழுந்துபோன பற்கள். ஆனால் மருத்துவப் பரோல் என்பது நோயுற்ற கைதி சொந்த ஊரில் போலீஸ் கண்காணிப்பில் சிகிச்சை எடுக்கும் ஏற்பாடு. கடல் கடந்து அனுப்புவதற்கு அதில் இடமே இல்லை. மன்னிப்பும் கிடையாது, தீர்ப்பு அப்படியே நிற்கும். திரும்பி வந்தால் மீதித் தண்டனை காத்திருக்கும். கோர்ட்டில் 'நாடுகடத்தல்' என்று ஒரு வரிகூட எழுதாமல் ஒருவரை நாட்டை விட்டு வெளியேற்ற இதைவிட வசதியான வழி இல்லை. உலகம் விடுதலை என்று கைதட்டிவிடும். எழுதுபவரோ தன் வாசகர்களிடமிருந்து அறுத்தெடுக்கப்பட்டிருப்பார். என்னைப் பொறுத்தவரை இது தண்டனையின் தொடர்ச்சிதான்.

ஐந்து மாதம் கழித்து, 1998 ஏப்ரலில், 1989 தியானென்மென் போராட்டத்தின் மாணவர் தலைவர் வாங் டானையும் இதே பரோலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.