பத்து மாவுங் கரையில் நான்கு வீடுகள்

மூன்றாவது மாட்யூலைக் கிரேன் அந்தரத்தில் பிடித்திருந்தபோதே அது உட்காராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பத்து மாவுங் பக்கம், மீன்பிடிக் குடும்பங்களுக்காக நீரின் மேல் நான்கு மாதிரி வீடுகள் எழுப்பும் பணி அது. சேற்றில் இறக்கிய பைல் தூண்கள்மீது, எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் செய்து முடித்த அறைகளை, அதாவது மாட்யூல்களை, கொண்டுவந்து வைத்துப் போல்ட் போட வேண்டும். தொழிற்சாலையில் அளவுப் பிழை 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று நானே கையெழுத்திட்டிருந்தேன். பைல் இறக்கும் வேலைக்கான விதிமுறையோ 75 மில்லிமீட்டர் விலகலை அனுமதிக்கிறது. மிதவையின் மேல் நின்று, ஓதம் ஏறி இறங்கும் நீரில், கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் அடிக்கும் தூணுக்கு அது நியாயமான அளவுதான். அன்று விலகியிருந்த தூணின் பிழை 60 மில்லிமீட்டர். போல்ட் துளையில் எங்களுக்கு இருந்த இடைவெளி 2 மில்லிமீட்டர்.

"பைல்காரங்களும் தப்பு செய்யல, தொழிற்சாலையும் தப்பு செய்யல, தங்கச்சி. ரெண்டுக்கும் நடுவுல யாரு?" என்று வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன் கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் நடுவில் இருந்தவள் நான். அறையையும் வரைந்தேன், தூணையும் குறித்தேன். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒரு வரைபடத்தின் ஓரத்தில், ஒரு கோடாக மட்டுமே போட்டிருந்தேன். அதன்பின் இத்துறையில் நான் செய்த வேலை எல்லாம் அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

மாட்யூல் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அறையைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனை நாளில் முடிந்தது, எவ்வளவு கழிவு குறைந்தது, எவ்வளவு வெளிச்சம் வருகிறது. அவை உண்மையான நன்மைகள்தான். தொழிற்சாலைக் கூரையின் கீழ் மழைக்குக் காத்திருக்காமல் வேலை நடந்தது. வெட்டிய பலகையின் துண்டு அடுத்த அறைக்குப் பயன்பட்டது. கடலைத் தூர்க்காமல் தூண்களின் மேல் கட்டியதால் சேற்றுப் பரப்பும் அதில் வாழும் சிப்பியும் நண்டும் தப்பின. ஆனால் வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அறை அல்ல. சாலையில் செல்லும் லாரிச் சுமை 2.5 மீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் தனி அனுமதியும் துணை வண்டியும் தேவை. பாலத்தைக் கடந்து தீவுக்கு வர வேண்டிய எங்கள் அறைகளும் அந்த அகலத்துக்குள் சுருங்கின. அதனால் ஒரு வீட்டுக்கு மூன்று மாட்யூல்கள் தேவைப்பட்டன. மூன்று மாட்யூல்கள் என்றால் தரையிலும் சுவரிலும் கூரையிலும் ஓடும் இரண்டு நீண்ட இணைப்புகள். கூடத்தின் நட்டநடுவில் ஓர் இணைப்பு அமைந்ததற்குக் காரணம் எந்தக் கட்டடக் கலையும் அல்ல, லாரியின் அகலம்.

அக்டோபரில் மழை வந்தது. மலாக்கா நீரிணையிலிருந்து அடித்துவரும் காற்று மழையைக் கிடையாகத் தள்ளும்போது கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. முதல் வீட்டின் கூடத்தில், மேலிருந்து கீழாக, பென்சிலால் கோடு போட்டதுபோல் நீர் இறங்கியது. இணைப்பில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை பூசியிருந்தோம், தரமானதுதான். ஆனால் எஃகுச் சட்டம் பகல் வெயிலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. ஒவ்வொரு தூணும் சேற்றில் ஒரே அளவாக அமிழ்வதில்லை. ஒவ்வொரு நாளும் இழுபடும் பசை எத்தனை நாள் தாங்கும்? வீட்டுக்காரப் பெண்மணி என்னைக் குறை சொல்லவில்லை. துணியைச் சுருட்டி இணைப்பின் அடியில் வைத்திருந்தார். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்ற சில நிமிடங்களை என்னால் மறக்க இயலவில்லை.

பினாங்குக்கு இது புதிய பாடமும் அல்ல. 1960களின் பிற்பகுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளின் 3,699 வீடுகள் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டு கட்டப்பட்டவை. மலேசியாவில் இம்முறையின் முதல் முயற்சிகளுள் அது ஒன்று. அக்காலத்து முன்வார்ப்புக் கட்டடங்களில் நீர் கசிவது இணைப்புகளில்தான் என்பது இத்துறையினர் அறிந்த செய்தி. படித்திருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. இந்தத் தடவை நீரை அடைத்து நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். வெளித்தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அமைத்து, அதையும் மீறி உள்ளே நுழையும் நீர் இணைப்புக்குள்ளேயே ஒரு சிறு வாய்க்கால் வழியாக இறங்கிக் கடலில் விழ வழிவிட்டோம். பசைக்கு அங்கே இரண்டாவது இடம்தான்.

கசிவைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது போல்ட். தூண் விலகியிருந்த அன்று அவசரத்தில் அடித்தகட்டை மாற்றினோம். உப்புக் காற்றுக்கு நல்லது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வாங்கி, கையிலிருந்த, துத்தநாகம் பூசிய கால்வனைஸ் போல்டையே முடுக்கினோம். எட்டு மாதத்தில் போல்டின் தலை பழுப்பேறி உதிரத் தொடங்கியது. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் வலுக்குறைந்தது தன்னைக் கரைத்து மற்றதைக் காக்கும். கரைவது சிறிய போல்டாகவும் காக்கப்படுவது பெரிய தகடாகவும் இருந்தால் அழிவு மிக விரைவு. அந்த இணைப்பு ஓதம் தொட்டுத் தொட்டு விலகும் உயரத்தில் வேறு இருந்தது. முழுக்க நீரில் மூழ்கியிருக்கும் எஃகைவிட, நனைந்து உலர்ந்து நனையும் எஃகே முதலில் போகும்.

மண்டோர் அண்ணன்தான் ஒரு ஞாயிறு என்னைப் பெங்காலான் வெல்டின் குலவழிப் படகுத்துறைகளுக்கு, சீனக் குலத்தார் நீர்மேல் தூண்களில் வீடு கட்டி வாழும் ஜெட்டிகளுக்கு, அழைத்துச் சென்றார். இங்கே வளர்ந்த எனக்கு அவற்றுள் ஒன்றான சியூ ஜெட்டி சுற்றுலாப் பயணிகளின் இடமாகவே தெரிந்திருந்தது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனின் பகுதி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வேறு இரண்டு ஜெட்டிகள் இடிக்கப்பட்டன. அன்று நாங்கள் பலகை நடையின் அடியில் குனிந்து பார்த்தோம். மரத் தூண்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் வாளி அளவு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் கான்கிரீட் தூண்கள் நின்றன. அங்கே வாழும் முதியவர் ஒருவர் மலாயில் விளக்கினார்: மரம் இற்றால் நீர் வற்றும் நேரத்தில் பக்கத்தில் புதுத் தூணை வார்த்து, பாரத்தை மாற்றி, பழையதை எடுத்துவிடுவார்கள்; ஒரு தடவைக்கு ஒரு தூண். வீட்டில் அன்றிரவும் சோறு பொங்கும், பிள்ளைகள் உறங்குவார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தூணை மாற்றக் கிரேன் வேண்டும். கிரேன் வர மிதவை வேண்டும், மிதவை வர ஒரு மாதக் காத்திருப்பு வேண்டும். நிலைத்தன்மை என்று நாங்கள் எழுதிய அறிக்கையில் குறைத்த கழிவின் எடை இருந்தது. பதினைந்தாம் ஆண்டில் வரப்போகும் கிரேன் வாடகை இல்லை. வீட்டுக்காரர் ஒரு ஸ்பேனரைக் கொண்டு தானே பழுதுபார்க்க முடியாத வீட்டைக் கடலோரத்தில் நிலைத்து நிற்கும் வீடு என்று சொல்ல எனக்கு இனி மனம் ஒப்பாது.

எனவே மீதமிருந்த வீடுகளை மாற்றி வரைந்தோம். ஒவ்வொரு தூணின் தலையிலும், எல்லாத் திசையிலும் 80 மில்லிமீட்டர் நகரக்கூடிய இருக்கைத் தகடு வந்தது. தூண் விலகியிருந்தாலும் தகடு நகர்ந்து கொடுக்கும், இடம் சரியான பின் கீழே காரை நிரப்பப்படும். இணைப்புகள் அனைத்தும் ஓதம் எட்டாத உயரத்துக்கு ஏறின. போல்டும் தகடும் ஒரே உலோகம். குளியலறை தனிக் கூறாகி, அதன் குழாய்கள் நடைமேடைப் பக்கமாகத் திறந்தன. கழிவுநீர் கடலில் விழாமல் கரைக்குச் செல்லும் குழாயில், வீடு அசைந்தால் வளைந்து கொடுக்கும் துண்டு ஒன்று சேர்ந்தது. செலவு கூடியது, அலுவலகத்தில் அதற்காக நீண்ட வாக்குவாதம் நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற முறை போனபோது இரண்டாவது வீட்டுக்காரர் நடைமேடையின் அடியில் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார். இரண்டு போல்டுகளை அவரே மாற்றிவிட்டார். கழற்றியவற்றைக் கிரீஸ் தடவி ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பார்த்துக்குறேன். கடையில என்ன சைஸ்னு கேட்கணும், சொல்லுங்கம்மா" என்றார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, கதவு நிலையின் உட்புறத்தில், 20 மில்லிமீட்டர் என்றும் அதன் கீழே நீளத்தையும் எழுதிவிட்டு வந்தேன்.