ஆயா உட்கார்ந்து சாப்பிட்ட இடம்

எங்கள் ஆயா இறந்துபோன பிறகு அடுக்களையை ஒழுங்குபடுத்தியபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் அந்தப் பழைய பால்பவுடர் டப்பா இருந்தது. முக்கால் டப்பா அரிசி. "அது வடலூர் அரிசி, உலையில போட்டுடாதீங்க" என்றாள் அம்மா. மாசப் பூசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. சரி, நாமே வடலூர்த் தருமச்சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று விருத்தாசலத்தில் பஸ் ஏறினேன்.

தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடியை அள்ளி அந்த டப்பாவில் போட்டுவிட்டுத்தான் ஆயா அரிசியைக் களைவாள். மழை பொய்த்த வருஷம் நாங்கள் ரேஷன் அரிசி சாப்பிட்டோம். டப்பாவுக்கு மட்டும் பொன்னி. அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். "நமக்கு இல்லாத பொன்னி ஊருக்கா?" என்று கேட்டால் ஆயா காது கேளாதவள் மாதிரி முறத்தைத் தட்டுவாள். தெருவில் யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யார் வீட்டில் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். டப்பா முதலில் அங்கே போகும். மிச்சம்தான் வடலூருக்கு. சில மாதம் மிச்சமே இருக்காது. அப்போதும் எங்களைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்புவாள்.

முதலில் சத்திய ஞான சபைக்குப் போனேன். வள்ளலார் 1872-ல் எழுப்பிய எண்கோணச் சபை. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே போகலாம் என்பது அங்கே விதி. ஆயாவுக்காக வீட்டில் முதல் நாளே கவிச்சி நின்றுவிடும். தாத்தா முணுமுணுத்துக்கொண்டே மோர் ஊற்றிக்கொள்வார். உள்ளே ஜோதியை ஏழு திரைகள் மறைத்திருக்கும். மாசப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும், தைப்பூசத்தில்தான் ஏழும். ஒரு தைப்பூசத்தன்று இருட்டிலேயே போய் நின்றோம். ஆயா குள்ளம், முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். "பாத்தியா ஆயா?" என்றேன். "பாத்தேன்டா, எல்லார் மூஞ்சியிலயும் வெளிச்சம் அடிச்சுதே" என்றாள்.

அங்கிருந்து தருமச்சாலை கொஞ்ச தூரம்தான். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சாலைக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து ஜனங்கள். சாதி கேட்காமல், மதம் கேட்காமல், பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் முகம் காய்கிறது. பெரிய அண்டாவில் கரண்டிக்குப் பதில் துடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டு ஒருவர் கிளறிக்கொண்டிருந்தார். அவர் புருவத்தில் வேர்வை சொட்டாமல் தொங்கிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தேன்.

அரிசியை வாங்கிக்கொண்டவர், "யார் பேர்ல எழுதட்டும் ஐயா?" என்றார். ஆயாவிடம் இதைக் கேட்டால், "பசிக்கிறவன் பேர்ல எழுதுப்பா" என்று சிரித்துவிட்டு ரசீது வாங்காமலே நகர்ந்துவிடுவாள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அவள் பேரைச் சொல்லி ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

அப்புறம் பந்தி. வீட்டில் ஆயா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தாத்தா, அப்பா, சித்தப்பா, நாங்கள், திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்கள் என எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியை மடியில் வைத்து வழித்துச் சாப்பிடுவாள். குழம்பு தீர்ந்திருந்தால் ஊறுகாய். ஆனால் வடலூரில் மட்டும் முந்திக்கொண்டு முதல் வரிசையில் இடம்பிடித்துவிடுவாள். ஒருமுறை எனக்கு வெட்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் யாராவது பார்த்தால் என்ன நினைப்பான்? "நாம என்ன, சோத்துக்கு இல்லாதவங்களா? அரிசி குடுக்குறவங்கதானே ஆயா?" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"உக்காருடா. இங்கதான் எனக்கு ஒருத்தர் போட்டு நான் சாப்பிடறேன்."

அப்போது அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

இந்தத் தடவை நானும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மூட்டை தூக்கும் பெரியவர், இன்னொரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண். சாதமும் குழம்பும் வந்தன. ஆயா கடைசியில் உள்ளங்கையைக் குவித்து ரசம் வாங்கிக் குடிப்பாள். ரசம் கொண்டுவந்தவரிடம் நானும் கையைக் குவித்து நீட்டினேன். ஊற்றினார். நல்ல சூடு. பாதி முழங்கை வரை வழிந்து வேட்டியில் சொட்டியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றார்.

கையை எடுக்கவில்லை.