கேட்டவர் கையொப்பம்

தமிழய்யா போய்விட்டார் என்று நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது இங்கே பர்மிங்காமில் விடியற்காலை. எழுந்து பார்த்தால் கைகூப்பிய படங்கள் நாற்பது. நானும் ஒன்று போட்டேன். மனசு ஆறவில்லை. சங்க மலருக்கு எழுதச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். சரி, இதையே எழுதிவிடுகிறேன்.

1986, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு. அப்போது நம் கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. தண்டவாள மணியும் சையத் பாஷா மலை தெரியும் ஜன்னலும் உங்களுக்கும் தெரிந்ததுதான். அந்த நாற்பது பக்க நோட்டு ஞாபகம் இருக்கிறதா? தேதி, பக்கம், கேட்டவர் கையொப்பம். தினமும் இரவு வீட்டில் யாருக்காவது ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

என் அப்பா காவேரிப்பட்டணம் சாலையில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். கைநாட்டு. ரேகை வைத்த நோட்டைக் கொண்டுபோக எனக்கு வெட்கம். நானே அவர் பெயரை எழுதி, கடைசியில் பெரிய மனுஷர் மாதிரி ஒரு சுழி சுழித்துவிடுவேன். ஆறு வாரம் ஓடியது.

மாம்பழ சீசன் முடியும் சமயம், அப்பா மஞ்சப்பையில் நீலம் பழம் எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஐயா நோட்டைப் பிரித்துக் காட்டி, "உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

அப்பா குனிந்து பார்த்தார். "எனக்கு எழுதத் தெரியாதுங்களே, சார்."

வகுப்பே சிரித்தது. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று சங்கப் பொறுப்பில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். ஐயா தெரிந்தேதான் கேட்டாரா? இத்தனை வயதுக்கப்புறமும் எனக்குப் பிடிபடவில்லை. ஆபீசிலிருந்து மைப்பெட்டி வரவழைத்து அப்பாவின் கட்டைவிரலை அவரே பிடித்து வைத்தார். "பையன் தப்பாப் படிச்சா உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை. நடுவுல நிறுத்தி ஏன்னு கேளுங்க."

அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தோப்புக் குடிசையில் அரிக்கேன் வெளிச்சத்தில், தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த பாடம். "இருடா கண்ணு. பழத்தை ரெண்டாப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்னிருக்கலாமே?" எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஐயாவிடம் கேட்டேன். அவர் பாடத்தை மூடி வைத்துவிட்டு அந்தப் பீரியடு முழுக்க எங்களைச் சண்டை போட விட்டார்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 பிப்ரவரியில் என் மகள் பிறந்தாள். சில மாதங்களில், குழந்தை உள்ள வீடுகளுக்கு வரும் நர்ஸ், ஹெல்த் விசிட்டர் அம்மா, ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்தார். புக்ஸ்டார்ட் என்ற அந்தத் திட்டம் 1992ல் இதே பர்மிங்காமில் தொடங்கியதுதான். குழந்தை அட்டையைக் கடித்தாலும் விடுங்கள், படத்தைக் காட்டிப் பேசுங்கள், நடுவில் நிறுத்திக் கேளுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, புதுச் சங்கதி போலத் தலையாட்டினேன்.

நம் பொங்கல் விழாவில் இரண்டு வயதுப் பிள்ளைகள் கையில் போனைப் பார்க்கிறேன். தூங்கப் போகுமுன் பத்து நிமிஷம் மடியில் வைத்து வாசியுங்கள், தமிழில். அதே கதையைத்தான் நூறு தரம் கேட்கும், சலிக்காமல் வாசியுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் மகளுக்கு வாசித்ததெல்லாம் இங்கிலீஷ். "சாப்டீங்களா தாத்தா"வுக்கு மேல் அவளுக்குப் பேச்சு ஓடாது.

1999ல் இங்கு வந்த புதிதில் மாதம் ஒரு கடிதம் போடுவேன். அப்பா அதைப் பிரிக்காமல் பழையபேட்டையில் ஐயா வீட்டுக்கு எடுத்துப் போவாராம். ஐயா வாசிப்பார், அப்பா நடுவில் நிறுத்தி, ஏன் அங்கே நாலு மணிக்கே இருட்டுகிறது என்று கேட்பார். பதில் ஐயா கையெழுத்தில் வரும். அடியில் 'கேட்டவர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரேகை.

அப்புறம் போன் கார்டு மலிந்தது. கடிதத்தை விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது அப்பா சொன்னார்: "வாத்தியார் ரெண்டு வாட்டி கேட்டுட்டார்டா, கடுதாசி ஒண்ணும் வரலியான்னு."

எழுதுகிறேன் என்றேன்.