கடல் கடந்து திரும்பிய மெட்டு

அலமாரியைத் துடைத்தபோது பழைய குறுந்தகடு ஒன்று அகப்பட்டது. யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்'. 2006இல் மலேசியாவிலிருந்து வந்த தமிழ் ராப் தொகுப்பு. டவுன்ஹால் ரோட்டில் வாங்கி, நானும் அண்ணனும் ஓயாமல் கேட்டோம்.

'மடை திறந்து' ஒலித்ததும் அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்: "இது நம் ராஜாவின் பாட்டாயிற்றே!" ஆம், 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்தது. பண்ணைப்புரத்துக்காரரின் மெட்டு கடல் கடந்து போய், வேறொரு தாளம் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பள்ளியில் எதுகையும் மோனையும் வெறும் மனப்பாடம். அவை நாவில் புரளும் சுகத்தை இந்தப் பிள்ளைகள்தான் காட்டினார்கள்.

இன்று தகட்டில் கீறல். அண்ணனை அலைபேசியில் அழைத்தேன். பாட்டு நின்ற இடத்திலிருந்து அவரே பாடினார், ஒரு சொல் பிசகாமல்.