நவமியில் ஒரு படகு

அக்கா மகன் சியாட்டிலிலிருந்து கூப்பிட்டான். அங்கே காலை 8 மணி, இங்கே ஹட்டனில் இரவு எட்டரை. மழைக்குக் கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஜூலையில அலாஸ்கா போறோம். ஹாலிபட் மீன் பிடிக்க மூணு படகு பாத்து வச்சிருக்கேன். எதுன்னு நீங்க சொல்லுங்க."

அவனுக்குத் தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில், மண்புழுவும் திலாப்பியாவுமாக. கடலைப் பற்றி என்னிடம் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

அவனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது குடும்பமாக வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். கரையில் ஒருவரிடம் விலை பேசினேன். அவர் குறைத்துக் கேட்டார், நானும் சந்தோஷமாக ஏறிவிட்டேன். ஏழு பேருக்கு நான்கு லைஃப் ஜாக்கெட். கரை கோடாகத் தெரியும் தூரத்தில் இன்ஜின் நின்றது. படகுக்காரப் பையன் எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினான். மண்ணெண்ணெயோடு தண்ணீரும் வந்தது. துப்பினான், மறுபடி உறிஞ்சினான். அவன் உதடு வெளுத்துப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு மணி நேரம் அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா தன் ஜாக்கெட்டைக் கழற்றி மகனுக்கு மாட்டிவிட்டு, அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். விலையை மட்டும் பார்த்து ஏறியது என் தப்பு. அதனால் இந்த முறை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

அவன் போகும் ஊர் ஹோமர். அங்கரேஜிலிருந்து காரில் நாலரை மணி நேரம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல்திட்டில் துறைமுகம் இருக்கிறது. ஹாலிபட் அடியில் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர இடது கண் தலையைத் தாண்டி வலப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். மேல்பக்கம் கடல்தரையின் நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. 200 கிலோவுக்கு மேலும் வளரும். அப்படி வளர்வதெல்லாம் அநேகமாகப் பெண் மீன்கள்.

அவன் பார்த்த மூன்றில் முதலாவது பெரிய படகு. ஆளுக்குக் காசு குறைவு, ஆனால் இருபது பேர் தோளோடு தோள் நின்று தூண்டில் போட வேண்டும். நூலோடு நூல் சிக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். இரண்டாவது அரை நாள் பயணம், குடாவை விட்டு அதிக தூரம் போகாது. சின்ன மீன் கிடைக்கும். பிள்ளைகள் கூட வந்தால் அதுவே போதும் என்பேன். மூன்றாவது ஆறு பேர் ஏறும் முழு நாள் படகு. சூடேற்றிய கேபினும் கழிவறையும் இருக்கின்றன. மருமகளும் வருகிறாள், கழிவறை இல்லாத படகைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் படகைவிட நாள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பக்கம் கடல் ஏற்றமும் வற்றமும் பயங்கரம், சில நாட்களில் 20 அடியைத் தாண்டும். அப்போது நீரோட்டம் ஆறு மாதிரி இழுக்கும். 200 அடி ஆழத்துக்கு இறக்கிய ஈயம், இரண்டு மூன்று பவுண்டு கனம் இருந்தாலும், தரையில் நிற்காது. ஈயம் தரையில் இல்லாவிட்டால் தரையில் கிடக்கும் மீனுக்கு இரை எப்படிப் போகும்? அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி இழுப்பு அதிகம். அரை நிலா முடிந்து ஓரிரு நாளில் அடங்கும். சுவரில் தொங்கிய காலண்டரை மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்தேன். அட்டமி, நவமி, தசமி. நல்ல காரியத்துக்கு வேண்டாமென்று நாம் தள்ளிவைக்கிற அட்டமி, நவமியில்தான் அந்தக் கடல் சாந்தமாக இருக்கிறது!

அப்புறம் கிழமை. வாடகைப் படகில் போகிறவர்கள் சில கிழமைகளில் ஹாலிபட்டை எடுத்துவரவே கூடாது என்று அங்கே சட்டம். வருடா வருடம் மாறும். பதிவு செய்யும் முன் பார்த்துவிட வேண்டும்.

கேப்டனிடம் கேட்கச் சொன்னது மூன்றே கேள்வி. ஹாலிபட்டுக்கான பெர்மிட் இருக்கிறதா? காற்று எழுந்தால் என்ன செய்வீர்கள்? பெரிய மீன் வந்தால் திரும்ப விடுவீர்களா? ஆளுயர மீனைத் தொங்கவிட்டு எடுத்த போட்டோக்கள் எனக்குப் பிடிக்கவில்லை. லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய் அது. சாப்பாட்டுக்கும் 10, 15 கிலோ மீன்தான் நல்லது.

மூன்றாவது படகுக்காரர் அன்றைக்கே பதில் எழுதியிருந்தார். பெர்மிட் உண்டு. காற்று மோசமென்றால் கிளம்ப மாட்டார், வேறு நாள் அல்லது முழுப் பணமும் திரும்ப. பெரிய மீனை விட்டுவிடுவதில் அவருக்குச் சந்தோஷமே. கூடவே, நுனி உள்பக்கம் வளைந்த வட்டக் கொக்கி என்பதால் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், நிதானமாகச் சுற்றுங்கள் என்றும் எழுதியிருந்தார். எங்கள் திலாப்பியாவுக்கு நேர்மாறு, பையன் பழக வேண்டும். கேட்காததையும் சொல்லிக்கொடுக்கிற ஆள். இவரையே பிடி என்றேன்.

நாள் தெரிந்ததும் அக்கா போன் எடுத்தார்.

"நவமியிலயா புள்ளைய கடலுக்கு அனுப்புற?"

ஏற்ற வற்றத்தையெல்லாம் விளக்கினேன். திருகோணமலையில் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அல்லவா, பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, கடல் அடங்கி இருந்தா போதும். ராகு காலத்துல மட்டும் ஏற வேணாம்னு சொல்லு."

பார்த்தேன். திங்கட்கிழமை. ராகு காலம் ஏழரைக்குத் தொடங்குகிறது, படகு ஆறரைக்கே கிளம்பிவிடும்.