திருப்பூரில் எங்கள் முதல் கார்: ஜாமீன் போட ஆள் இல்லாதவர்கள் லோன் போட்டு வாங்கிய அனுபவம்

கொங்குப் பக்கம் பழைய கார் வாங்கப் போனால், வண்டியைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "ஏனுங்க, யாரு சொல்லி வந்தீங்க?" உள்ளூர்க்காரரிடம் அதற்குப் பதில் இருக்கும். பங்காளி, மாமன் மகன், கம்பெனி முதலாளி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும். விலை இறங்கும், கன்சல்டிங்காரரே வண்டியில் உள்ள குறையைச் சொல்லிவிடுவார், ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்துக்கும் ஆள் கிடைக்கும். மன்னார்குடியிலிருந்து பிழைப்புக்கு வந்து திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் எங்களிடம் அப்படிச் சொல்ல ஒரு பெயர் இல்லை. ஆனாலும் நல்ல வண்டியாக, நியாயமான வட்டிக்கு வாங்கினோம். எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குடியிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கணவருக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை. வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டி. ஷிப்மெண்ட் நேரத்தில் நான் வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். அம்மாவை முழங்கால் வைத்தியத்துக்குக் கோவைக்குக் கூட்டிப்போக வாடகைக் கார் பிடித்தால் பர்ஸ் காலி. நாலு லட்சத்துக்குள் பழைய கார், கையிலிருந்து ஒரு லட்சம் வரை, மீதிக்கு லோன் என்று முடிவு செய்தோம்.

முதலில் போனது அவிநாசி ரோட்டில் ஒரு கன்சல்டிங்குக்கு, அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடைக்கு. மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "லோனுக்கு நீங்க எங்கயும் அலைய வேண்டாமுங்க, நம்ம கையிலயே ஃபைனான்ஸ் இருக்குது. வெறும் பத்து பர்சண்ட். மூணு லட்சத்துக்கு மாசம் பத்தாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் டியூ, முப்பத்தாறு மாசம்" என்றார்கள். சொந்த வீடு உள்ள உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். ஜாமீன் கதை இருக்கட்டும். அந்தப் பத்து பர்சண்ட்டைத்தான் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அது ஃப்ளாட் வட்டி. மூன்று லட்சத்துக்கு வருடம் 30,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு 90,000. ஆக 3,90,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,833. நாம் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறோம். வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு மூன்று லட்சத்துக்கும் ஓடுகிறது. பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று வங்கிக் கணக்கில் பார்த்தால், இதே டியூ கிட்டத்தட்ட 18 சதவீதத்துக்குச் சமம். பின்னால் வங்கியில் எங்களுக்குச் சொன்னது 13 சதவீதம். காதில் விழும்போது பத்துதான் குறைச்சலாகத் தெரியும். ஆனால் அந்த 13 சதவீதத்துக்கு மாதத் தவணை 10,108 ரூபாய். மாதம் 725 ரூபாய் மிச்சம், மூன்று வருடத்தில் 26,100. எங்களுக்கு அது மூன்று மாத வீட்டு வாடகை.

இந்தக் கணக்கு வராதவர்கள் ஒன்று செய்யலாம். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதுக் கடனுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்ற தாளைக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. பிராசஸிங் சார்ஜ் முதலான எல்லாவற்றையும் சேர்த்து வருட வட்டி உண்மையில் எவ்வளவு என்பது அதில் ஏபிஆர் என்று போட்டிருக்கும். கையெழுத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் எனக்கு வேலை இல்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் சின்ன ஃபைனான்ஸ்களில் பேச்சே "ரெண்டு வட்டி" என்றுதான் இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24.

வங்கியில் எங்களுக்கு வேறு ஒரு தடை வந்தது. இரண்டு பேருக்கும் சம்பளம் ஒழுங்காக அக்கவுண்டில் விழுகிறது, ஒருவரிடமும் ஒரு ரூபாய் கடன் இல்லை. அதனாலேயே, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் இல்லை. 300-லிருந்து 900-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு -1 என்று காட்டியது. கடனே வாங்காதவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். உழைத்துச் சேர்த்து, கடன்படாமல் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு நிலை வருவது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

வழி சொன்னவர் அந்தக் கிளையின் அதிகாரி. அவசரம் இல்லையென்றால் ஒரு சின்ன ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கச் சொன்னார். சம்பளச் சீட்டு, ஜாமீன் எதுவும் அதற்குக் கேட்க மாட்டார்கள். மளிகை, பெட்ரோலுக்கு மட்டும் அதைத் தேய்த்து, லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், கெடு தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டி வந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு ஸ்கோர் வந்துவிட்டது. அது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவழிக்க வேண்டாம். சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்த இடைவெளியிலேயே ஆதார் முகவரியை மன்னார்குடியிலிருந்து திருப்பூருக்கு மாற்றிவிட்டோம். ஆர்சியில் ஏறப்போகிற முகவரி அதுதான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி பார்க்கும் படலத்தில் எங்களுக்குப் பெரிய துணை வீட்டுக்கார அம்மா. அவர் வீட்டுக்காரர் சங்ககிரிப் பக்கத்தில் லாரி வைத்து ஓட்டியவர். அந்த அம்மாவுக்கு ஆர்சி புக்கைக் கையில் வாங்கினதுமே கண் எங்கே போக வேண்டும் என்று தெரியும். "அம்மிணி, வண்டி ரெண்டாவது, புக்குதான் மொதல்ல. எச்பி இருக்குதான்னு பாரு, வண்டி மேல கடன் இருக்குதுங்கிற பதிவு அது. அப்பறம் காலங்காத்தால போ, நீ வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றார். இரவெல்லாம் நின்று ஆறிய இன்ஜினை நம் கண் முன்னால் கிளப்பினால்தான் அதன் இரைச்சலும் புகையும் உண்மையைச் சொல்லும்.

மற்ற மாநில வண்டிகளை நாங்கள் தொடவில்லை. பொள்ளாச்சி, கோவை பக்கம் கேஎல் நம்பர் வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இன்னொரு காரணம் வெள்ளம். 2015-லும் 2023-லும் சென்னையிலும், 2018-ல் கேரளத்திலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. கழுவி, பாலிஷ் போட்டு, தூர ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டெல்டாக்காரியான எனக்கு வெள்ளம் வடிந்த பிறகு எங்கெல்லாம் சேறு தங்கும் என்று தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். மேலே சுத்தமாக இருந்த பட்டை, முடிகிற இடத்தில் பழுப்புக் கறையோடு வந்தது ஒரு வண்டியில். கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஈர வாடை, சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

கடைசியில் அமைந்தது பெருமாநல்லூர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வேகன்ஆர். 2018 மாடல், பெட்ரோல், டிஎன் 39, ஒரே ஓனர். ஊத்துக்குளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனோம். அவர் இன்ஜின் பக்கமே முதலில் போகவில்லை, அடிபட்ட வண்டியா என்றுதான் பார்த்தார். பானெட்டையும் முன் மட்கார்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கதவு ரப்பரை உரித்து உள்ளே கம்பெனியின் ஸ்பாட் வெல்டு வரிசை அப்படியே இருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு டயரில் உள்ள நாலு இலக்க எண்ணைக் காட்டினார். "பாருங்க்கா, முன்னாடி ரெண்டு நம்பர் வாரம், பின்னாடி ரெண்டு வருசம். நாலு டயரும் மாத்தியிருக்குது, ஸ்டெப்னி மட்டும் வண்டியோட வந்தது. ஓடுன கிலோமீட்டருக்கு இது சரிதானுங்க." இடது பின்கதவில் டிங்கரிங் நடந்திருந்தது. ஆசிரியர் அதைக் கேட்பதற்கு முன்பே சொல்லியிருந்தார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் பதிவுகளைப் பார்த்தோம், மீட்டர் கணக்கு ஒத்துப்போனது. 4,10,000 கேட்டார், 3,85,000-க்கு முடிந்தது.

வீட்டுக்கார அம்மா பார்க்கச் சொன்ன எச்பி புக்கில் இருந்தது. ஆசிரியர் சார் அந்தக் கடனைக் கட்டி முடித்து வருடமாகிறது. ஆனால் எச்பி கேன்சல் செய்யவில்லை. இது பலர் வீட்டில் நடப்பதுதான். கடனை அடைத்ததும் அது தானாக நீங்கிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய வங்கி கொடுத்த என்ஓசிக்குக் காலாவதி உண்டு என்பதால் புதிதாக வாங்கி, ஃபார்ம் 35-ல் அவர்கள் முத்திரையோடு ஆர்டிஓ ஆபீசில் கொடுத்து நீக்கிய பிறகுதான் எங்கள் வங்கி பணத்தை விடுவித்தது. அதுவரை பத்தாயிரம் அட்வான்ஸ் மட்டும் அக்கவுண்ட் வழியாகக் கொடுத்து, கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதிக்கொண்டோம்.

வங்கி அனுப்பிய இன்ஜினியர் வண்டியை மதிப்பிட்டு, சேஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் போனார். மூன்று லட்சம் சார் கணக்குக்கே நேராகப் போனது. மீதியை நாங்கள் அனுப்பினோம். சாவி வாங்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொன்னேன். அந்த நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது அவர் பொறுப்பு, பின்னால் நடப்பது எங்கள் பொறுப்பு. இரண்டு பக்கத்துக்கும் அது நல்லது.

பெயர் மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் வண்டியைக் கை மாற்றி விடும் வழக்கம் இங்கே உண்டு. சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாரிடம் இதைச் சொன்னபோது, "அட, அப்ப எனக்குத்தானுங்க மொதல்ல அவசரம்" என்று மறுநாளே எங்களோடு வந்தார். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, எங்கள் வங்கியின் எச்பியையும் அதிலேயே சேர்த்தோம். பாக்கி இருந்த ஒரு அபராதத்தை சார் அங்கேயே கட்டினார். தரகர் யாரையும் வைக்கவில்லை.

இன்சூரன்ஸும் இதே மாதிரிதான். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு கூடவே வந்துவிடும். நம் வண்டிக்கே அடிபட்டால் பணம் வர வேண்டும் என்றால் 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதில் பழையவர் வாங்கிய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி, நமக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அந்தத் தள்ளுபடி வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம். வண்டி விலையைப் பேசும்போதே இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்சி கார்டு தபாலில்தான் வரும். 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்சியையும் லைசென்ஸையும் ஸ்பீட் போஸ்டில்தான் அனுப்புகிறார்கள், ஆபீசில் நேரில் தருவதில்லை. பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுகிற வீடு என்றால் தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்களுடையதை வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்திருந்தார்.

பாக்கி இருந்தது ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருப்பது பழையவர் கணக்கு. ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதால், அவர் தன் வங்கியில் அதை மூடினால்தான் நம் பெயரில் எடுப்பது வேலை செய்யும். சார் ஆப்பிலேயே மூடிக் கொடுத்தார். தஞ்சைப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் காங்கேயம், கரூர் தாண்டி மணவாசி டோலில் போய் நிற்பதற்கு முன்னால் இதையும் முடித்துவிடுங்கள்.